மேலே காட்டிய விரல்

அப்பாவின் பழைய பூட்ஸுக்குள் காலை நுழைத்துக்கொண்டு, சமையலறை ஸ்டூலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிய மூத்தவள் தராசு, மூன்றாவது அடியிலேயே வழுக்கினாள். கூரைத் தண்ணீர் பிடிப்பதற்காக ஜன்னலை ஒட்டி வைத்திருந்த நீல டிரம்மின் விளிம்பு கைக்குச் சிக்கியதால் தப்பித்தாள். இல்லாவிட்டால் அன்றைக்கு வீட்டில் இன்னொரு படுக்கை போட வேண்டி வந்திருக்கும்.

மண் இன்னும் குளிரில் உறைந்து கல்லாகக் கிடந்தது. ஸ்டூலைப் பேரிக்காய் மரத்தடியில் ஆட்டம் இல்லாமல் பொருத்தவே பெரும்பாடாகிவிட்டது. ஏறி நின்று உச்சிக்கிளையை வளைத்து முகத்தருகே கொண்டுவந்தாள். மொட்டுகள் எல்லாம் பழுப்பாக, இறுக்கமாக, போன மாதம் எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு மொட்டை நகத்தால் நெருடிப் பார்த்தாள். உள்ளே பேருக்குக்கூடப் பச்சை இல்லை. கையுறையின் விரல்கள் நனைந்திருந்தன. அதைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு அடுத்த கிளையைப் பிடித்தாள்.

உள்ளே அப்பா பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் ஈரப் பஞ்சால் அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகக் கண்ணைத் திறப்பதே அபூர்வம் என்றிருந்த மனிதர் திடீரென்று திறந்தார். போர்வைக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. ஆள்காட்டி விரல் மேலே நிமிர்ந்தது.

"வந்துடுச்சு" என்றார்.

குரல் தேய்ந்திருந்தாலும் சொல் தெளிவாக இருந்தது. கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா அதைக் கேட்டதும் வாயில் துண்டை வைத்துப் பொத்திக்கொண்டாள். "மேல காட்டுறாருடி. கூப்பிட வந்துட்டாங்கன்னு சொல்றாரு" என்று அழ ஆரம்பித்தாள்.

"அம்மா, சும்மா இரு. அப்பா தோட்டத்தைச் சொல்றாரு."

அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. அந்த வீட்டில் வளர்ந்த யாருக்கும் இருக்காது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். கூண்டின் கூரைமேல் அவர் நிற்பார். அடியில், பள்ளத்துக்குள், அவருடைய கூட்டாளி நிற்பார். மேலே ஒன்றைச் சரிசெய்து முடித்ததும் அப்பா "வந்துடுச்சு" என்று குரல் கொடுப்பார். கீழே இருப்பவர் தன் கண்ணால் பார்த்து "பாத்தேன்" என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வராமல் எதையும் நகர்த்தமாட்டார்கள். ஒருவர் கண்ணை மட்டும் நம்பிக் கூண்டை ஓட்டினால் ஆளுக்கு ஆள் சங்குதான் என்பது அப்பா அடிக்கடி சொல்லும் வார்த்தை.

வேலையிடத்துச் சட்டம் வீட்டுக்குள் நுழைந்ததற்குக் காரணம் தம்பி. குளிர் முடியும் சமயத்தில் தோட்டத்தில் முதல் அடையாளத்தை யார் கண்டுபிடிக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு வாரம் தட்டு கழுவும் வேலை கிடையாது என்று ஒரு போட்டி வைத்திருந்தார்கள். மொட்டில் பச்சை தெரியலாம், சுவரோரம் ஊதாப்பூக் கிழங்கு மூக்கை நீட்டலாம், ஒரு தேனீ வழிதவறி வரலாம், எதுவானாலும் சரி. தம்பி ஏழு வயதில் சமையலறையிலிருந்து பச்சைப் பட்டாணியை எடுத்துப்போய்ப் பேரிக்காய்க் கிளையில் வரிசையாகப் பசை போட்டு ஒட்டிவிட்டு, "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று குதித்தான். தூரத்திலிருந்து பார்த்த அம்மா நம்பியும் விட்டாள். ஒரு வாரம் தட்டு கழுவாமல் உல்லாசமாகத் திரிந்த பிறகுதான், பட்டாணி சுருங்கி உதிர்ந்து குட்டு வெளிப்பட்டது. அன்றிலிருந்து அவன் பெயர் பட்டாணி. இப்போது தலையில் வழுக்கை விழுந்து, வேறு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து, ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்துகொண்டிருக்கிறான். ஆனாலும் வீட்டுக்குள் பட்டாணிதான்.

அந்த வருடமே அப்பா சட்டம் போட்டார். ஒருவர் பார்த்தால் கணக்கில் சேராது. முதலில் பார்த்தவர் "வந்துடுச்சு" என்று கூப்பிட வேண்டும். இரண்டாவது ஆள் வந்து பார்த்து "பாத்தேன்" என்று சொன்னால்தான் குளிர்காலம் அதிகாரபூர்வமாக முடியும்.

தராசுக்குத் தராசு என்று பெயர் வந்தது பிற்பாடு. கடைகளில் உள்ள தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. ஒரு குன்றிமணி எடை கூடினாலும் குறைந்தாலும் முத்திரை கிடையாது. காய்கறிக் கடைக்காரர்கள் அவள் தலையைக் கண்டாலே கல்லையெல்லாம் துடைத்து அடுக்குவார்கள். "இவ கல்யாணத்துல தாலி கட்டுற நேரத்தக்கூட நிறுத்துப் பாப்பா" என்று அம்மா சொன்னதுண்டு. கல்யாணம் கடைசிவரை நடக்கவில்லை என்பதால் அது சோதிக்கப்படாமலே போயிற்று.

ஸ்டூலை விட்டு இறங்கிச் சுவரோரம் குந்தினாள். கிழங்குகள் இருந்த இடத்தில் காய்ந்த இலையை விலக்கிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வேலிப்பக்கம், கல் இடுக்கு, பாசி பிடிக்கும் மூலை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கூரைக்கு மேலே எழும்பியிருந்த வெயிலை ஒரு மேகம் வந்து மறைத்தது. கை விறைத்துப்போய் உள்ளே வந்தாள்.

அப்பா கண்ணை மூடவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா? எல்லா இடமும் பாத்துட்டேன். உச்சிக்கிளை வரைக்கும் பாத்தேன். ஒண்ணும் காணோமே."

அவர் விரல் மறுபடி எழ முயன்று பாதியில் போர்வைமேல் விழுந்தது.

'பாத்தேன்' என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்தபோது, அந்த முகத்துக்கு நேராக அப்படியொரு பொய்யைச் சொல்ல அவளால் முடியவில்லை. அவரே போட்ட சட்டம். அவரே வளர்த்த பெண்.

"இன்னும் வரலப்பா. வந்ததும் நானே வந்து மொதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன்."

அப்பா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. லிஃப்ட் கதவு சரியாகத்தானே சாத்தியிருக்கிறது, பிறகு ஏன் விளக்கு எரியவில்லை என்று யோசிக்கும் மெக்கானிக்கின் பார்வை.

"நல்லாப் பாரு" என்றார்.

"சரிப்பா" என்று போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

மதியம் அம்மா அவருக்கு சூப்பை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். தராசு பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்பூன் கிண்ணத்தில் படும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை. அவள் இன்னும் இரண்டு துணி மடித்தாள். அதற்கப்புறம்தான் சத்தம் நின்றது மனதில் உறைத்தது.

அவள் போய் நின்றபோது அம்மா ஸ்பூனைக் கிண்ணத்துக்குள் வைத்துவிட்டு அவர் மோவாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சூப் ஆறிப்போச்சு" என்றாள் அம்மா. "இவரு ஆறினதக் குடிக்கமாட்டாரு."

தராசு கட்டிலின் மறுபக்கம் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த விரல் இன்னும் சூடாக இருந்தது. இருவரும் நெடுநேரம் யாருக்கும் ஃபோன் செய்யவில்லை.

பட்டாணி சாயங்கால ரயிலில் வந்து சேர்ந்தான். அப்பாவின் நெற்றியில் கை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். பிறகு சமையலறைக்கு வந்து முகம் கழுவி, கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு, அக்காவின் எதிரில் உட்கார்ந்தான்.

"அம்மா சொன்னா. அப்பா வந்துடுச்சுன்னு சொன்னாராமே."

"ஆமா."

"நீ இல்லன்னு சொன்னியா?"

தராசு டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு வார்த்தை. பாத்தேன்னு ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா ஒனக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்?"

"அங்க ஒண்ணும் இல்லடா. நான் போய்ப் பாத்தேன்."

"இல்லாட்டி என்ன? சாகப்போற மனுஷன்கிட்டயுமா முத்திரை குத்துவ?"

சொன்ன பிறகுதான் சொன்னது எவ்வளவு பெரிய சொல் என்று அவனுக்கே தெரிந்தது போலிருந்தது. டம்ளரைக் கையில் வைத்து உருட்டினான். "சும்மா சொன்னேன். லைட்ட அணைக்கச் சொல்லிக்கூட விரலக் காட்டியிருப்பாரு. யாரு கண்டா" என்று முணுமுணுத்தான்.

"நீயா இருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"நானா? நான் பட்டாணி ஒட்டினவன். கேக்கறதுக்கு முன்னாடியே பாத்தேன்னு சொல்லியிருப்பேன்."

தராசுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்னதுதான் சரி என்று அவளுக்கே தோன்றியது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் தராசில் குற்றம் கண்டுபிடித்தவளுக்கு, அப்பா கேட்ட ஒரே ஒரு சொல்லைக் கூடக்குறையப் பார்க்காமல் கொடுக்கத் தெரியவில்லை. அந்த நினைப்பு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் வானம் மூடியே இருந்தது. நிறையப் பேர் வரவில்லை. தெருக்காரர்கள் வந்தார்கள், அப்பா பழுது பார்த்த கட்டடங்களிலிருந்து சிலர் வந்தார்கள், அவளுடைய அலுவலகத்திலிருந்து இருவர் வந்தார்கள். வந்தவர்கள் பின்னறைக் கட்டிலைச் சுற்றி நின்றுவிட்டு, எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்தார்கள். தராசும் பார்த்தாள். பேரிக்காய் மரம் விளக்குமாற்றுக் குச்சியாக நின்றது.

பள்ளத்து மாமா ஊன்றுகோலுடன் வந்தார். அப்பாவின் கூட்டாளி. முப்பது வருடம் அடியிலேயே நின்று வேலை பார்த்ததால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அவர் வந்ததும் அறையில் கொஞ்சம் உயிர் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, செத்துப்போன நண்பனை உரிமையோடு பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"ஒரு நாள் என்னாச்சு தெரியுமா? மேல இருந்து வந்துடுச்சுன்னு இவன் கத்துறான். எனக்கோ பசி. சரி, அப்புறம் பாத்துக்கலாம்னு நான் பாட்டுக்கு டீ குடிக்கப் போயிட்டேன். கடையில ஒருத்தன் சிக்கினான், பேசி முடிச்சுத் திரும்பி வந்தா, இவன் கூண்டு மேல அதே எடத்துல அப்படியே நிக்கிறான். அசையல. ஏன்டா, எறங்கி வர வேண்டியதுதானேன்னு கேட்டேன். நீ இன்னும் பாத்தேன்னு சொல்லலியேங்கிறான்!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாகூட அழுதுகொண்டே சிரித்தாள். "வீட்டுலயும் அப்படித்தான். சாப்பாடு நல்லாயிருக்குன்னு இவரு சொன்னா, ஆமான்னு நானும் சொல்லணும். இல்லாட்டி கை கழுவமாட்டாரு" என்றாள்.

தராசு எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று அழுதாள். அப்பா இறந்ததற்கு அவள் அழுதது அப்போதுதான். ஒரு கூண்டின் கூரைமேல், இருட்டில், பதில் வராமல் ஒருவர் நின்றுகொண்டே இருப்பது கண்ணுக்குள்ளேயே இருந்தது.

பிறகு வண்டி வந்தது. கொண்டுபோனார்கள். எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது மழை லேசாகத் தூறியது.

அடுத்த நாள் காலையில் வெயில் அடித்தது. வாடகைக்கு எடுத்த கட்டிலைத் திரும்ப எடுத்துப்போக முற்பகலில் ஆள் வருவதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அம்மா விடிந்ததிலிருந்து சமையலறையில் இருந்தாள். அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த பாத்திரங்களைக் கழுவிக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒருமுறை கழுவியதையே மறுபடி எடுத்துக் கழுவுகிறாளோ என்று தராசுக்குச் சந்தேகம். கேட்கவில்லை. பட்டாணி வாசலில் வண்டி திரும்புவதற்கு இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

தராசு பின்னறையில் விரிப்பை உருவினாள். அப்பா படுக்கையில் விழும்வரை அது இஸ்திரி போடும் அறையாக இருந்தது. உடைந்த நாற்காலி, அப்பாவின் பழைய உருளைகள், ஊசி நூல் டப்பா எல்லாம் அங்கேதான் கிடக்கும். யாரும் அதில் படுத்ததில்லை. அப்பாவுக்குப் படியேற முடியாமல் போனதும், தோட்டம் தெரியட்டும் என்று அதைக் காலிசெய்து கட்டிலை ஜன்னலோரம் போட்டார்கள்.

தலையணை உறையைக் கழற்றும்போது அப்பாவின் தலை அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது. அதைத் தட்டிச் சமமாக்க மனம் வரவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நின்றுகொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அன்றைக்கும் இப்படித்தானே நின்றுகொண்டு பார்த்தோம் என்று தோன்றியது.

கடைக்காரர்களை அவள் அதிகம் திட்டுவது ஒரே ஒரு விஷயத்துக்கு. முள் தராசை நிமிர்ந்து நின்றபடி மேலேயிருந்து பார்ப்பார்கள். முள் ஒரு கோட்டில் இருக்கும், அவர்கள் கண்ணுக்கு இன்னொரு கோட்டில் தெரியும். 'குனிஞ்சு முள்ளுக்கு நேரா கண்ண வச்சுப் பாருங்க. நீங்க நிக்கிற எடத்துலேருந்து பாத்தா அது பொய் சொல்லும்' என்று எத்தனை கடைகளில் சொல்லியிருப்பாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துப்போன வாசகம்.

தலையணையைப் பழைய இடத்தில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். கட்டிலில் ஏறி, அந்தப் பள்ளத்துக்குள் தன் தலையைச் சரியாகப் பொருத்திக்கொண்டு படுத்தாள்.

ஜன்னல் வழியே பேரிக்காய் மரத்தின் மேல்பாதி தெரிந்தது. எதிர்வீட்டுப் புகைபோக்கி தெரிந்தது. நிறைய வானம் தெரிந்தது. உச்சிக்கிளையை ஒவ்வொரு குச்சியாகப் பார்த்தாள். பழுப்பு, பழுப்பு, எல்லாம் பழுப்பு. புகைபோக்கியில் பறவை ஏதாவது குச்சி கொண்டுவருகிறதா என்றும் பார்த்தாள். இல்லை.

சரி, அவ்வளவுதான். அப்பாவுக்கு ஏதோ பிரமை. இனி இதைப் பற்றி நினைக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டால் ஆயிற்றா? கண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைப்பதற்காகத் திரும்பி மல்லாந்தாள்.

எதிர்வீட்டுக் கூரையைத் தாண்டி வெயில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவள் தலைக்கு நேர் மேலே, வெள்ளையடித்த மச்சில், ஒரு வெளிச்சம் வந்து விழுந்தது.

ஒரு தட்டின் அளவு இருக்கும். விழுந்த வெளிச்சம் நிற்கவில்லை. நெளிந்தது. அகலமாகி, ஒடுங்கி, ஓரங்களில் வளையம் வளையமாக ஓடி, மறுபடி நடுவில் வந்து சேர்ந்தது. மூச்சு விடுவது போலிருந்தது.

அவள் முழங்கையை ஊன்றி எழுந்து ஜன்னலின் கீழ்க்கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். நீல டிரம். குளிர்காலம் முழுக்க அதன் வாயைக் கனமாக அடைத்துக்கொண்டிருந்த பனிக்கட்டி போய்விட்டிருந்தது. தேய்ந்த கண்ணாடிச் சில்லு மாதிரி ஒரு மெல்லிய துண்டு மட்டும் ஒரு பக்கமாக மிதந்தது. மற்றதெல்லாம் தண்ணீர். விளிம்புவரை நிறைந்து, காற்றுக்கு மெல்ல ஆடி, வெயிலை வாங்கி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது.

நனைந்த கையுறை நினைவுக்கு வந்தது. வழுக்கி விழப்போய் அந்த டிரம்மைத்தான் பிடித்தாள். பனிக்கட்டியில் கை பட்டிருந்தால் கையுறை அப்படி நனைந்திருக்காது. அவள் கையாலேயே தொட்டுவிட்டு, கையுறையைச் சுருட்டிப் பைக்குள் திணித்துவிட்டு, மரத்தில் கிளை கிளையாகத் தேடியிருக்கிறாள். மரத்துக்கும் மண்ணுக்கும் முந்தி, சுவர்ச் சூட்டில், முதலில் இளகியது அது. இத்தனை வருடப் போட்டியில் அந்த டிரம்மை யாரும் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை.

மறுபடி படுத்தாள். போர்வை இல்லாத மெத்தைமேல் வலது கையை வைத்தாள். விரலை மேலே நிமிர்த்திப் பார்த்தாள். வெளிச்சத்தின் நடுவை அது சரியாகக் காட்டியது.

"பாத்தேன்பா" என்றாள்.

சொல் அறைக்குள் சாதாரணமாக ஒலித்தது. கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாமோ என்று தோன்ற, பள்ளத்து மாமா சொல்வது போல மேலே கேட்கும்படி இன்னொருமுறை சொன்னாள்.

"பாத்தேன்!"

"என்னத்தப் பாத்த?" பட்டாணி கதவருகே நின்றான். "அக்கா, வண்டி கெளம்பிடுச்சாம். நீ என்ன படுத்துட்ட? ஒடம்பு சரியில்லையா?"

"இங்க வாடா. தள்ளிப் படுக்கறேன், நீயும் படு."

"வெளையாடுறியா? ரெண்டு பேரைத் தாங்காது."

"படுன்னா படு."

அவன் வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தயங்கி, பிறகு அவள் பக்கத்தில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு படுத்தான். கட்டில் முனகியது. தலையணையில் அவனுக்கும் கொஞ்சம் இடம் விட்டாள். அவன் முதலில் ஜன்னலைப் பார்த்தான். அவள் அவன் மோவாயைப் பிடித்து மேலே திருப்பினாள்.

அவன் மச்சைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மாட்டிக்கொண்டான், மறுபடி பார்த்தான்.

"டிரம்மா?" என்றான்.

"ஆமா. ஐஸ் கரைஞ்சிடுச்சு."

"இது ரூமுக்குள்ள இருக்கே. தோட்டத்துல பாத்தாத்தானே கணக்கு?"

"தண்ணி தோட்டத்துலதானே இருக்கு."

அவன் அதை யோசித்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மொதல்ல யாரு பாத்தது?"

"அப்பா."

"ரெண்டாவது?"

"நான். இப்பதான்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். அதில் கேலி இல்லை. பிறகு மச்சைப் பார்த்தபடியே, "அப்ப இந்த வாரம் அப்பா தட்டு கழுவ வேண்டாம்" என்றான்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. "அங்க என்ன ரெண்டு பேருக்கும் பேச்சு? இங்க நான் ஒருத்தி மலை மாதிரி குவிச்சு வச்சுக் கழுவிட்டிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே அம்மா ஈரக்கையோடு வந்தாள். வாடகைக் கட்டிலில் வயது வந்த பிள்ளைகள் இரண்டும் சின்ன வயதில் போல ஒட்டிப் படுத்திருப்பதைக் கண்டு திகைத்து நின்றாள். "கட்டில ஒடச்சு வச்சா யாரு பதில் சொல்றது?" என்றவள், அவர்கள் பார்த்த இடத்தைப் பார்த்தாள்.

கைகளைத் துடைக்க மறந்து, தலையை அண்ணாந்தபடி நின்றாள். விரல் நுனியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

"இதத்தான் காட்டினாரா?"

"ஆமாம்மா."

"நான் என்னவோன்னு நெனச்சேன்" என்றாள் அம்மா. "பாவி மனுஷன். நான் என்னவோன்னு நெனச்சு, அந்த நேரத்துல அழுது தொலைச்சேன்."

தராசு நகர்ந்து கால்மாட்டில் கொஞ்சம் இடம் விட்டாள். அம்மா அதில் உட்கார்ந்தாள். வாசலில் ஒரு வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. பட்டாணி தலையைத் தூக்கினான், பிறகு திரும்ப வைத்துக்கொண்டான்.

வெளியே டிரம்மின் விளிம்பில் ஒரு குருவி வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். மச்சில் வெளிச்சம் சட்டென்று உடைந்து நாலாபக்கமும் சிதறியது. குருவி தண்ணீர் குடித்து முடிக்கும்வரை சிதறியபடியே இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, ஓரத்திலிருந்து, ஒன்றுசேர ஆரம்பித்தது.